வண்டி வேலைக்கான கருவிகளை நாமே செய்துகொள்வது: முழுமையான வழிகாட்டி

சொந்தமாக பைக், ஸ்கூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் கடையில் வாங்கிய ஸ்பேனர் செட் போதாமல் போகும். ஸ்பேனர் உள்ளே நுழையாது. நுழைந்தால் திருப்ப இடம் இருக்காது. திருப்பினால் எதிர்ப்பக்கமும் கூடவே சுற்றும். இதற்கெல்லாம் நாமே கருவி செய்துகொள்ளலாம், அல்லது இருப்பதையே வெட்டித் திருத்திக்கொள்ளலாம்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான். அளவெடுக்கும் முன் வெட்டிவிடுவார்கள், பொருத்திப் பார்க்கும் முன் முழு வெல்டிங் அடித்துவிடுவார்கள், வடிவம் முடியும் முன் பதம் போட்டுவிடுவார்கள் (பதம் என்றால் இரும்பைக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது). அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் படிக்கவும், செய்யவும்.

1. எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

ஒரே ஒரு நட்டுக்கான சாக்கெட், கிளட்ச் ஹோல்டர், பேரிங்கை நேராக உள்ளே அழுத்தும் ராட், மெலிதாக்கிய ஸ்பேனர், ஸ்பிரிங் கொக்கி போன்றவற்றைத் தாராளமாகச் செய்யலாம். கவனமாகச் செய்தால், இவை விட்டுப்போனாலும் விரல் முட்டி உரிவதோடு போகும்.

காரைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு, ஜாக்கி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி, இந்த மூன்றையும் வீட்டில் செய்யாதீர்கள். இவற்றில் ஒரு வெல்டிங் விட்டால் அடியிலோ எதிரிலோ இருக்கும் ஆளுக்குத்தான் அடி.

மேக்னட் புல்லரையும் (என்ஜின் ஷாஃப்டில் இருக்கும் காந்தச் சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கிவிடுவதே மேல். அதன் மரை நுணுக்கமானது, வண்டிக்கு வண்டி மாறும். மரை சரியாக உட்காராத புல்லரை இறுக்கினால் மேக்னட்டில் இருக்கும் மரையே உரிந்துவிடும். அப்புறம் மேக்னட்டையே மாற்ற வேண்டியதுதான். சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

2. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நன்றாக போல்ட் அடித்துப் பொருத்திய 4 அங்குல வைஸ், பாதுகாப்பு மூடி கழற்றப்படாத 4 அங்குல கிரைண்டர், ஹாக்ஸா, ஒரு தட்டை அரம், ஒரு முக்கோண அரம், வெர்னியர், சென்டர் பஞ்ச், டிரில். வெல்டிங் மெஷின் அவசியமில்லை. எல்லாவற்றையும் வெட்டி, பொருத்தி, அடையாளம் போட்டு எடுத்துப்போனால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் சில நிமிட வேலை. வெறுங்கையோடு போய் வாயால் விவரித்தால் வெல்டர் மனதில் இருக்கும் உருவம்தான் கிடைக்கும்.

கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். வட்டு உடைந்தால் ஒதுங்க நேரமே இருக்காது. கட்டிங் வட்டின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். அந்த மெல்லிய வட்டின் பக்கவாட்டில் எதையும் தேய்க்கக் கூடாது, தேய்க்கத் தனியே தடித்த வட்டு இருக்கிறது. லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, எதுவும் வேண்டாம்.

வண்டியிலிருந்து தள்ளி வேலை செய்யுங்கள். பெட்ரோல் இருக்கிறது என்பது முதல் காரணம். அடுக்குமாடி பார்க்கிங்கில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கிரைண்டர் பொறி கார் கண்ணாடியில் விழுந்தால் உருகிப் பதிந்துவிடும், துடைத்தால் போகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதை விளக்குவது கருவி செய்வதைவிடக் கஷ்டம்.

பொருளுக்குப் புதுப்பேட்டையும் உங்கள் தெருக் காயலான் கடையும் போதும். கழித்துப்போட்ட கிளட்ச் பிளேட், பழைய கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங் கிண்ணங்கள்), லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டைத் துண்டு, வாய் விரிந்த ஸ்பேனர், தேய்ந்த சாக்கெட் ஆகியவற்றைக் கண்ணில் படும்போதே எடுத்து வைக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டால் பழைய கிளட்ச் பிளேட்டைச் சும்மாவே கொடுப்பார். த்ரெட் ராட், உயர் ரக நட்டு, வாஷர் போன்றவற்றுக்குப் பாரிமுனை பக்கம் லிங்கி செட்டி தெருவில் தேடலாம்.

3. இரும்பை இனம் காணுங்கள்

இரும்பின் இனம் தெரிந்தால்தான் அதற்குப் பதம் ஏறுமா, வெல்டிங் தாங்குமா என்று சொல்ல முடியும். கம்பிக் கடையில் வாங்கும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது மிருதுவான இரும்பு) பட்டையை எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் உளியாகாது. அரத்தை அப்படியே நெம்புகோலாக்கினால் உடைந்து முகத்தில் தெறிக்கும்.

கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். எம்.எஸ். என்றால் நீளமான, நேரான கோடுகள், வெடிப்பு குறைவு. அரம், உளி மாதிரிக் கரிமம் கூடிய எஃகு என்றால் பொறி குட்டையாக, நுனியில் கிளைகிளையாக வெடிக்கும். தெரிந்த எம்.எஸ். துண்டு ஒன்றையும் பழைய அரம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

கடினம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அரமே போதும். அரம் கடித்தால் மிருது, வழுக்கினால் கடினம். நல்ல சாக்கெட்டும் ஸ்பேனரும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அரம் கடிக்கும், ஆனால் மெதுவாக.

4. அளவு முதலில், அட்டை அடுத்து, இரும்பு கடைசி

நட்டின் அளவை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது, கைப்பிடி எந்தத் திசையில் வெளியே வர வேண்டும், அது எத்தனை டிகிரி திரும்ப வழியிருக்கிறது என்பதுதான் கருவியின் வடிவத்தைத் தீர்மானிக்கும். ஆறுமுனை நட்டு என்றால் முனை வாய் ஸ்பேனர் (வாய் திறந்த ஸ்பேனர்), புரட்டிப் போடாவிட்டால், 60 டிகிரி திரும்பினால்தான் அடுத்த பிடி கிடைக்கும். பன்னிரண்டு முனை ரிங் என்றால் 30 போதும். புரட்டவோ 60 டிகிரி திருப்பவோ இடமில்லாத மூலையில் போட முனை வாய் ஸ்பேனரை மெனக்கெட்டுத் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் அது திரும்பாது என்று கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

தடித்த அட்டையில் வெட்டி வண்டியிலேயே வைத்துத் திருப்பிப் பாருங்கள். அட்டை இடிக்கும் இடத்தில் இரும்பும் இடிக்கும். கேபிள், ஃபின், ஃபிரேம் எல்லாவற்றையும் தாண்டி வந்த பிறகு அந்த அட்டையை இரும்பின் மேல் வைத்துக் கோடு கிழியுங்கள்.

5. ஸ்பேனரை மெலிதாக்குதல், வளைத்தல்

புதியவர்கள் தொடங்க வேண்டிய இடம் இது. விலை குறைந்த ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிலிருந்து நல்லதை எடுத்து வெட்டினால் பிறகு செட்டில் அந்த அளவு இருக்காது.

மெலிதாக்கும்போது சூடுதான் எதிரி. ஸ்பேனரின் பதம் ஏற்கெனவே கம்பெனியில் போட்டது. கிரைண்டரில் அழுத்திப் பிடித்தால் ஓரம் வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகும். நீலம் வந்துவிட்டது என்றால் அந்த இடம் 300 டிகிரி பக்கம் போயிருக்கிறது, பழைய பதம் அங்கே இனி நிச்சயமில்லை. அதற்கும் மேலே சாம்பல் நிறம் வரை போனால் நட்டு கடினமாக இருக்கும்போது வாய் விரியும். இரண்டு மூன்று விநாடி தேய்த்துவிட்டுத் தண்ணீரில் முக்குங்கள். கையுறை போடாமல் வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் கையே எச்சரித்துவிடும். விரல் தாங்காத சூடு வரும் முன் முக்கிவிட்டால் பதம் போகாது.

எந்தப் பக்கம் தேய்ப்பது? ரிங்கின் சுவரைத் தேய்த்தால் பலம் குறையும், உயரத்தைத் தேய்த்தால் பிடி குறையும். இடம் எங்கே குறைகிறதோ அங்கே மட்டும், சரிபாதிக்கு மேல் போகாமல். மேற்புறக் குரோம் பூச்சு போன இடத்தில் கூர்மையான கோடு எதுவும் விடாதீர்கள், வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். அரத்தால் வழித்து உருட்டிவிடுங்கள்.

வளைக்க வேண்டுமென்றால் கேஸ் சூடு வேண்டும். முதலில் வளையும் இடத்தில் இருக்கும் குரோமைத் தேய்த்து எடுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. வாய்ப்பகுதியில் ஈரத்துணி சுற்றி, தண்டின் நடுவை மட்டும் ஆரஞ்சு நிறம் வரை காய்ச்சி, ஒரே இழுப்பில் வளைத்து, தானாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் வளைந்த இடம் மொறுமொறுவென்று ஆகி, இறுக்கும்போது ஒடியும். ஆறவிட்டால் மிருதுவாக இருக்கும். அதிகமாக அழுத்தினால் வளையுமே தவிர ஒடியாது. அதனால் வளைத்த ஸ்பேனருக்குப் பைப் போட்டு நீட்டாதீர்கள்.

6. நாலு பல் சாக்கெட்

பல 100 சிசி வண்டிகளில் ஆயில் ஃபில்டர் ரோட்டரை லாக் செய்வது நாலு வெட்டு போட்ட வட்ட நட்டு. உளியை வைத்துத் தட்டிக் கழற்றுவது தெருவோர வழக்கம். ஓரிரு தடவையில் வெட்டின் ஓரம் மடங்கிவிடும், பிறகு சரியான சாக்கெட் கொண்டுவந்தாலும் பிடிக்காது.

நட்டில் எடுக்க வேண்டிய அளவுகள்: வெளி விட்டம், உள் விட்டம், வெட்டின் அகலம், வெட்டின் ஆழம், ஷாஃப்ட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச் சுவர் நட்டின் வெளி விட்டத்துக்குப் பொருந்தி, உள்ளே ஷாஃப்ட் இடிக்காமல் போகும் பழைய சாக்கெட்டைத் தேடுங்கள். சுற்றிலும் இடமில்லாவிட்டால் சாக்கெட்டின் வெளிப்புறத்தையும் தேய்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். சுவர் தடிமன் முக்கியம். மெல்லிய பிளக் ஸ்பேனர் பைப்பில் செய்தால் பல் முறுக்கிக்கொள்ளும்.

நாலு பல்லையும் சம இடைவெளியில் குறிக்கக் கோணமானி வேண்டாம். சாக்கெட்டைச் சுற்றி ஒரு பேப்பர் பட்டையைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, திரும்பவும் இரண்டாக மடித்தால் நாலு சமபாகம். மறுபடி சுற்றி ஒட்டி, மடிப்பு விழுந்த மூன்று இடங்களிலும் முனை சேரும் இடத்திலும் பஞ்ச் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பல்லின் நடு. அங்கிருந்து இருபக்கமும் வெட்டின் பாதி அகலத்தைக் குறித்து, கூடவே அரை மி.மீ. விட்டு வெட்டுங்கள். அந்த அரை மி.மீ. அரத்துக்கு.

அரம் போடும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. பல்லின் இரு பக்கமும் நேராக, இணையாக இருக்க வேண்டும். நுனி குறுகிச் சரிந்தால் திருப்பும்போது சாக்கெட் மேலே ஏறி நழுவும். பல்லின் நீளம் வெட்டின் ஆழத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். நீண்டால் கீழே இருக்கும் வாஷரில் முட்டி, சாக்கெட் உட்காராது. பல்லின் அடி மூலையில் சின்ன வளைவு விடுங்கள். மூலையைச் சதுரமாக வெட்டி அழகு பார்த்தால் அங்கேதான் விரியும்.

நாலு பல்லும் ஒரே நேரத்தில் ஏறுகிறதா என்று பார்க்க, பல்லில் மார்க்கர் பூசி நட்டில் வைத்துத் திருப்புங்கள். மை அழிந்த பல் மட்டும்தான் வேலை செய்கிறது. அந்தப் பல்லில் துளி ராவி, மீண்டும் பூசி, மீண்டும் பாருங்கள். நாலிலும் மை அழியும்வரை இதைத் தொடருங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் பலரும் இதை விட்டுவிட்டு ஒரு பல்லை மட்டும் நம்பித் திருப்பி, அதை உடைக்கிறார்கள்.

நட்டைத் தொடும் முன் ஒன்று: அதில் மடக்கிவிட்ட லாக் வாஷர் காது இருந்தால் அதை நிமிர்த்த வேண்டும். நல்ல சாக்கெட்டின் பல்லும் நழுவுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காதைத்தான்.

7. கிளட்ச் ஹோல்டர்

கிளட்ச் சென்டர் நட்டைத் திருப்பும்போது ஹப்பும் சேர்ந்து சுற்றும். அதைப் பிளேயரால் பிடித்தாலோ ஸ்க்ரூ டிரைவரை இடையில் செருகினாலோ அலுமினிய விரல் உடையும். அதே வண்டியின் பழைய ஸ்டீல் பிளேட்டின் உள்பற்கள் ஹப்பில் கச்சிதமாக உட்காரும், அதையே பிடியாக்கிவிடலாம்.

ஒரு பிளேட் மெல்லியது, முறுக்கிக்கொள்ளும். இரண்டு பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஹப்பில் மாட்டி, பற்கள் ஒரே கோட்டில் இருக்கும்போதே கவ்வியால் பிடித்து வெளியே எடுங்கள். மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவையுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துவிட்டு வெல்டிங் செய்யவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் வெல்டிங் சூட்டில் கொடிய விஷவாயுவாக மாறும். துத்தநாகம் பூசிய பட்டையையும் தவிர்த்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

கைப்பிடிக்கு 25 × 5 மி.மீ. எம்.எஸ். பட்டை, ஒன்றரை அடி. முதலில் எதிரெதிராக நாலு இடத்தில் டேக் (புள்ளி வெல்டிங்) மட்டும். உடனே ஆறவிட்டு ஹப்பில் மாட்டிப் பாருங்கள். சரியாகப் போனால் குட்டிக் குட்டியாக, இடம் மாற்றி மாற்றி முழு வெல்டிங். ஒரேயடியாகச் சுற்றி அடித்தால் பிளேட் கிண்ணம்போலக் குழிந்து, பற்கள் உள்ளே போகாது. கைப்பிடியை மையத்தை நோக்கி வைத்தால் சாக்கெட் போட இடம் மறையும். பிளேட்டின் ஓரத்தை ஒட்டி வையுங்கள்.

எம்.எஸ்.ஸோடு எம்.எஸ். சேர்க்க 6013 வெல்டிங் ராட் போதும். ஸ்பேனரையோ சாக்கெட்டையோ வெட்டி ஒட்டுவதென்றால் 7018 கேளுங்கள், ஒட்டும் இடத்தை முன்னதாகச் சூடேற்றச் சொல்லுங்கள், முடிந்ததும் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். 7018 ஈரம் பட்டால் கெட்டுவிடும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த பாக்கெட்டை அடுப்பில் காயவைக்காமல் பயன்படுத்தினால் ஒட்டுக்குப் பக்கத்தில் முடி இழை அளவு வெடிப்பு வரும், அன்றைக்கே தெரியாது.

8. கோன் செட்டும் பேரிங்கும் அழுத்தும் ராட்

கோன் செட் கிண்ணத்தைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் கோணலாக ஏறும், ஓரம் சிதையும், சில மாதத்தில் ஹேண்டில் நடுவில் தட்டும். எம்12 த்ரெட் ராட், இரண்டு நீள நட்டு, தடித்த வாஷர்கள் இருந்தால் போதும். எம்12 சாதாரண மரையின் இடைவெளி 1.75 மி.மீ.; நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் கிண்ணம் அவ்வளவுதான் நகரும், அதனால் எங்கே கோணுகிறது என்று பார்த்து நிறுத்த அவகாசம் இருக்கும்.

கிண்ணத்தின் மேல் வைத்து அழுத்தப் பழைய கிண்ணத்தையே எடுங்கள், ஆனால் அதைக் கட்டிங் வட்டால் ஒரு இடத்தில் பிளந்துவிடுங்கள். பிளக்காவிட்டால் அதுவும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மரையில் கிரீஸ் தடவி, ஒரு நேரத்தில் ஒரு கிண்ணம் மட்டும் ஏற்றுங்கள். இறுக்கம் திடீரென்று கூடினால் உட்கார்ந்துவிட்டது என்று பொருள், நிறுத்துங்கள்.

வீல் பேரிங்குக்கும் இதே ராட். அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். 6301 பேரிங்கின் வெளி விட்டம் 37 மி.மீ.; எனவே உள் வளையத்தைத் தொடாதபடி நடுவில் குடைந்த 36 மி.மீ. வாஷர். உள் வளையத்தை அழுத்தினால் குண்டுகள் தடத்தில் குழி போட்டுவிடும், புதுப் பேரிங் முதல் நாளே சத்தம் போடும்.

9. பதம் போடுதல்

உளி, டிரிஃப்ட் (தட்டி வெளியேற்றும் கம்பி), நெம்புகோல் மாதிரி லீஃப் பட்டையில் செய்பவற்றுக்கு மட்டும் இது தேவை. வெட்ட, ராவ முடியாத கடினம் இருந்தால் முதலில் ஆரஞ்சு நிறம்வரை காய்ச்சி, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுங்கள். வடிவத்தை முழுதாக முடித்துவிட்டுப் பிறகு பதத்துக்கு வாருங்கள். முன்னாடியே போட்டால் தேய்க்கும்போது பாதி போய்விடும்.

நுனியில் ஓர் அங்குலம் மட்டும் சிவக்கக் காய்ச்சி, காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் சூடு, உடனே சமையல் எண்ணெயில் முக்குங்கள். லீஃப் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் வெடிக்க வாய்ப்பு அதிகம். பழைய என்ஜின் ஆயில் புகையைச் சுவாசிக்கக் கூடாது. எண்ணெய் உலோக டப்பாவில், பக்கத்தில் மூடியோடு இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடிவிட வேண்டும். உச்சி வெயிலில் இந்த வேலை வேண்டாம், சிவப்பே கண்ணுக்குத் தெரியாமல் தேவைக்கு மேல் காய்ச்சிவிடுவீர்கள்.

இப்போது நுனி அளவுக்கு மீறிக் கடினம், கீழே போட்டாலே உடையலாம். நுனியைப் பளபளவென்று தேய்த்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றுங்கள். நிறம் நுனியை நோக்கி நகரும். கோடு கிழிக்கும் ஊசிக்கு வைக்கோல் நிறம், உளிக்கு ஊதா, நெம்புகோலுக்கு நீலம். வேண்டிய நிறம் நுனியைத் தொட்டதும் முக்கி நிறுத்துங்கள். சுத்தி அடிபடும் தலைக்குப் பதம் ஏற்றவே கூடாது. அது மிருதுவாகத்தான் இருக்க வேண்டும், விரிந்து காளானானால் அவ்வப்போது தேய்த்துவிடலாம்.

கொக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரேக் ஷூ ஸ்பிரிங்குக்குச் சைக்கிள் ஸ்போக்கைக் குளிரிலேயே வளைத்துக் கைப்பிடி போட்டால் முடிந்தது. சூடுபடுத்தினால் அது மிருதுவாகி, இழுக்கும்போது நிமிர்ந்துவிடும். ஸ்டாண்டு ஸ்பிரிங்குக்கு ஸ்போக் தாங்காது, 5 அல்லது 6 மி.மீ. கம்பி எடுங்கள்.

10. வண்டியில் போடும் முன் வைஸில் போடுங்கள்

அதே அளவு போல்ட்டை வைஸில் பிடித்து, வண்டியில் கொடுக்கப்போகும் விசையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். உடைவதென்றால் இங்கே உடையட்டும். வெல்டிங் செய்தவற்றில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் சாக்பீஸில் ஈரக்கோடாக வரும்.

ஸ்பேனர் தலையை வெட்டி டார்க் ரென்ச்சில் (குறித்த விசைக்கு இறுக்கும் ரென்ச்) மாட்டுபவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். தலை நேராக முன்னே நீண்டால் நட்டுக்குப் போகும் விசை கூடிவிடும். வேண்டிய டார்க்கை ரென்ச்சின் நீளத்தால் பெருக்கி, ரென்ச் நீளமும் நீட்டிய அளவும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். 300 மி.மீ. ரென்ச்சில் 50 மி.மீ. நீட்டி, நட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் ரென்ச்சில் 34 வைக்க வேண்டும். நீட்டிய தலை ரென்ச்சுக்குச் செங்குத்தாகத் திரும்பியிருந்தால் திருத்தம் தேவையில்லை.

11. துரு, அடையாளம்

பூச்சு போன இடத்தில் கடற்காற்று ஒரே வாரத்தில் செம்பழுப்பு ஏற்றிவிடும், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். தேய்த்த இடத்தை லேசாகச் சூடாக்கி எண்ணெய் தடவினால் கறுப்பாக ஒரு பூச்சு பிடிக்கும். பதம் போட்டவற்றைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம், அவற்றுக்கு வெறும் கிரீஸ் போதும். சென்டர் பஞ்ச் கொண்டு வண்டிப் பெயரின் முதல் எழுத்தையும் நட்டின் அளவையும் கைப்பிடியில் குத்திவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கிளட்ச் ஹோல்டர் ஆணியில் தொங்கும்போது எது எந்த வண்டிக்கு என்று நினைவில் இருக்காது.